கயிறு தந்த செடிக்கு விலங்கு பூட்டிய கதை

வடபுலத்துப் பத்திரிகைகளைப் படிப்பவர்களுக்கு நன்கு பழகிப்போன செய்தி ஒன்று உண்டு. மாதகல் கரையிலோ, மன்னார்க் கடலிலோ, பருத்தித்துறைக்கு அப்பாலோ கடற்படையினர் ஒரு படகை மறிப்பார்கள். பொலித்தீன் சுற்றிய பொதிகள் வரிசையாக அடுக்கப்பட்ட படம் வெளியாகும். 'கேரளக் கஞ்சா மீட்பு' என்று தலைப்பு விழும். செய்தி மேசையில் இருந்த காலத்தில் இத்தகைய செய்திக்கு நான் அதிகம் பேனா பிடித்ததில்லை. இடத்தின் பெயரையும் கிலோக் கணக்கையும் சரிபார்த்தால் போதும். மீதி எல்லாம் சென்ற வாரத்துச் செய்தியாகவே இருக்கும். அந்தப் பொதிகளில் பெரும்பகுதி கேரளத்தைக் கண்டதே இல்லை, ஆந்திர - ஒடிசா எல்லை மலைகளிலிருந்து வருகிறது என்பது தமிழ்நாட்டுப் பொலிஸாருக்கும் தெரியும், நமது பொலிஸாருக்கும் தெரியும். ஆயினும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

2025 ஓகஸ்டில் கொழும்பிலிருந்து வேறொரு செய்தி வந்தது. ஏற்றுமதிக்கென மட்டும் கஞ்சா பயிரிடுவதற்கு 7 வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அரசாங்கம் அனுமதி வழங்கியிருக்கிறது. மீரிகம முதலீட்டு வலயத்தில் 64 ஏக்கர் ஒதுக்கப்படுகிறது. ஆயுர்வேதத் திணைக்களம் மேற்பார்வை செய்யும் என்பது அதன் சாரம். ஒரே செடி மாதகலில் குற்றமாகவும் மீரிகமவில் முதலீடாகவும் இருக்கிறது. இந்தச் செடி எப்போது, யாரால், எந்தச் சான்றின் பேரில் நமது சட்டப் புத்தகத்துக்குள் கொண்டுவரப்பட்டது என்று கேட்டால், பதிலைக் கொழும்பில் தேடிப் பயனில்லை. கல்கத்தாவுக்கும் ஜெனீவாவுக்கும் வாஷிங்டனுக்கும் போய்வர வேண்டும்.

அதற்கு முன்னர் ஒரு சொற்சிக்கலை அவிழ்த்துவிடுவோம். கஞ்சாச் செடியின் போதையற்ற இனங்களைத் 'தொழில்துறைச் சணல்' என்று இப்போது தமிழில் எழுதுகிறார்கள். சணல் என்றதும் யாழ்ப்பாணத்து விவசாயியின் மனக்கண்ணில் தோன்றுவது வேறு. நெல் அறுத்த வயலில் பசளைக்காக விதைத்து, மஞ்சள் மஞ்சளாகப் பூத்ததும் உழுது மண்ணோடு மடித்துவிடும் பயிர் அது. பயறு, கடலை குடும்பத்தைச் சேர்ந்தது. சாக்குத் தைக்கும் வங்காளத்துச் சணலோ வேறொரு குடும்பம். கஞ்சா இவ்விரண்டுக்கும் உறவில்லாதது. பியருக்குக் கசப்புத் தரும் ஹொப்ஸ் கொடிதான் அதன் நெருங்கிய இனம். ஆங்கிலத்திலும் இதே குழப்பம் இருக்கிறது. வாழைக் குடும்பத்து மணிலா நாருக்கும் கற்றாழையை ஒத்த செடிகளின் நாருக்கும் கஞ்சாச் செடியின் நாருக்கும் அவர்கள் ஒரே பெயரையே வைத்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் நான் 'நார்க் கஞ்சா' என்று எழுதும் இடங்களில், போதை தரும் பூவுக்காக அல்லாமல் தண்டுக்காகவும் விதைக்காகவும் வளர்க்கப்படும் அதே செடியைத்தான் குறிப்பிடுகிறேன்.

ஐரோப்பாவின் கடலாதிக்கம் இந்த நாரில்தான் தொங்கியது. நாம் கன்வஸ் என்று சொல்லும் பாய்த்துணிக்குப் பெயர் வந்ததே கஞ்சாவின் இலத்தீன் பெயரிலிருந்துதான். டிரபால்கர் சமரில் நெல்சன் ஏறியிருந்த 'விக்டரி' கப்பலின் பாய்மரக் கயிறுகளை நீட்டினால் ஏறத்தாழ 26 மைல் வரும் என்பார்கள். தார் பூசிய நார்க் கஞ்சாக் கயிறு உப்புநீரில் நின்று பிடிக்கும். ஆயினும் சில ஆண்டுகளில் மாற்றியாக வேண்டும். ஆகவே கடற்படை வைத்திருக்கும் அரசனுக்கு நார் தேவை ஒருபோதும் ஓயாது. 1533இல் எட்டாம் ஹென்றி, 60 ஏக்கர் உழுபவன் கால் ஏக்கரிலாவது நார்க் கஞ்சாவோ ஆளியோ விதைத்தாக வேண்டும் என்று சட்டம் போட்டான். 1619இல் வேர்ஜீனியாவின் குடியேற்றவாசிகளுக்கும் இதேபோன்ற கட்டளை பிறப்பிக்கப்பட்டது. இந்தச் செடியைப் பயிரிடாதிருப்பது குற்றமாக இருந்த காலம் அது.

ஆயினும் இங்கிலாந்து தனக்குத் தேவையான நாரைத் தானே விளைவிக்கவில்லை. ரஷ்ய விவசாயி விளைவித்தான். பால்டிக் துறைமுகங்களிலிருந்து கப்பலில் வந்தது. 1807இல் நெப்போலியனும் ரஷ்யச் சக்கரவர்த்தியும் தில்சித்தில் கைகோத்தபோது இலண்டனுக்கு வியர்த்ததன் காரணம் இதுதான். கிழக்கிந்தியக் கம்பனி அதற்கு முன்பிருந்தே இந்தியாவில் மாற்று நார் தேடிக்கொண்டிருந்தது. கல்கத்தாத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளர் வில்லியம் ரொக்ஸ்பேர்க், கிடைத்த நார்ச் செடிகளையெல்லாம் முறுக்கி, எடை கட்டித் தொங்கவிட்டு, எது எவ்வளவு தாங்குகிறது என்று அட்டவணை போட்டார். வங்காளச் சமவெளியில் கஞ்சா தாராளமாக விளைந்தது. ஆனால் அதில் நல்ல நார் கிடைக்கவில்லை. இமயமலைச் சாரலில், குமாவுன் - கர்வால் பகுதி மக்கள்தான் அதன் தண்டிலிருந்து நாருரித்துக் கயிறும் பங்கேலா என்ற முரட்டுத் துணியும் நெய்து வந்தார்கள். கிரிமியப் போர் 1853இல் மூண்டு ரஷ்ய நார் தடைப்பட்டபோது, அந்த இடத்தை நிரப்பி டண்டி நகரத்து ஆலைகளைக் கொழிக்க வைத்தது வங்காளத்துச் சாக்குச் சணலே. நார்க் கஞ்சாவின் வீழ்ச்சி அங்கேயே தொடங்கிவிட்டது. சட்டம் அதன் மீது கைவைப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்; பின்னர் தேவைப்படும்.

சமவெளியில் நார் தராத கஞ்சா, அரசாங்கத்துக்கு வேறொன்றைத் தந்தது. அதுதான் வரி. வங்காளத்தில் ராஜஷாஹியை அடுத்த நவகாம் வட்டாரத்தில் அனுமதி பெற்ற குடியானவர்கள் கஞ்சா பயிரிட்டார்கள். அரசாங்கக் களஞ்சியத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தார்கள். தீர்வை கட்டிய வியாபாரி கடையில் விற்றான். சென்னை மாகாணத்தில் கிருஷ்ணா மாவட்டமும் வட ஆர்க்காட்டு ஜவ்வாது மலையும் பேர்பெற்ற கஞ்சாப் பகுதிகள். நவகாமில் 'போத்தார்' எனப்பட்ட ஒரு தொழிலாளி உண்டு. வயலுக்குள் வரிசை வரிசையாக நடந்து, எது ஆண்செடி என்று பூ விரியுமுன்பே கண்டு பிடுங்கி எறிவதுதான் அவன் வேலை. ஆண்பூவின் மகரந்தம் பட்டால் பெண்பூ விதை கட்டிவிடும். விதை கட்டினால் பிசின் குறையும். பிசின் குறைந்தால் அது கஞ்சாவே ஆகாது. நார்க்காரன் செய்வதோ இதற்கு நேர் எதிர். ஆணும் பெண்ணும் பாராமல் நெருக்கி விதைப்பான், கிளைவிட இடமின்றிச் செடி கம்புபோல் உயரும், தண்டுக்காக அறுப்பான். நார் வயலின் மகரந்தம் காற்றில் பறந்து சுற்றியுள்ள போதைக் கஞ்சாவைக் கெடுத்துவிடும். நார் வயலுக்குள் போதைச் செடியை ஒளித்து வளர்ப்பார்கள் என்று நம்மவர்கள் பாராளுமன்றத்தில் அச்சம் தெரிவிக்கும்போதெல்லாம் எனக்கு நவகாமின் அந்தப் போத்தார்தான் நினைவுக்கு வருவான். அவனைக் கேட்டால் சிரித்திருப்பான்.

இந்த வரி வியாபாரத்தின் மீது இலண்டனில் மதுவிலக்குப் பிரசாரகர்களின் கண் விழுந்தது. வில்லியம் கெய்ன் என்ற பாராளுமன்ற உறுப்பினர் 1893 மார்ச்சில் கேள்வி எழுப்பினார். இந்தியாவின் மனநோய் மருத்துவமனைகள் கஞ்சாவால் நிரம்புகின்றன என்பது அன்று பரவலாகப் பேசப்பட்ட குற்றச்சாட்டு. அரசாங்கம் ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. மக்வேர்த் யங் தலைவர். உறுப்பினர்களில் மூவர் இந்தியர்கள். அவர்கள் ஓராண்டு காலம் இந்தியாவையும் பர்மாவையும் சுற்றி 1,193 பேரிடம் சாட்சியம் பெற்றார்கள். மருத்துவர்கள், கலெக்டர்கள், வியாபாரிகள், பயிரிடுவோர், சாமியார்கள், மதபோதகர்கள் என யாரையும் விடவில்லை. மூவாயிரம் பக்கங்களைத் தாண்டிய தொகுதிகளாக 1894இல் வெளிவந்த அந்த அறிக்கைக்கு நிகராக, ஒரு போதைப்பொருளைப் பற்றி அதற்கு முன்னர் எந்த அரசாங்கமும் செய்த விசாரணையை நான் அறியேன்.

அவ்வறிக்கையில் என்னை ஈர்த்த பகுதி மனநோய் மருத்துவமனைகளைப் பற்றியது. 1892இல் அங்கு அனுமதிக்கப்பட்ட 1,344 பேரில் 222 பேரின் நோய்க்குக் கஞ்சாவே காரணம் என்று பதிவேடுகள் கூறின. ஆணைக்குழுவினர் அந்தத் தொகையை அப்படியே வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர்கள் அந்த 222 பேரின் கோவைகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். காரணம் என்ற கட்டத்தில் 'கஞ்சா' என்று எழுதியவர் யார்? வைத்தியர் அல்லர். தெருவில் பிதற்றிக்கொண்டிருந்தவனைப் பிடித்துவந்த பொலிஸ்காரர். படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதை வெறுமையாக விட்டால் மேலதிகாரி திருப்பியனுப்புவார். கஞ்சா என்று எழுதினால் எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். நீதவான் அதன்மேல் ஒப்பமிட்டார். மருத்துவமனை எழுத்தர் பதிவேட்டில் பிரதி செய்தார். ஆண்டறிக்கையில் அது புள்ளிவிபரமாயிற்று. இலண்டனில் அது பேச்சாயிற்று. மீள விசாரித்தபோது கஞ்சாவுக்கு ஏதேனும் தொடர்பு உண்டு என்று ஏற்கத்தக்கவர்கள் 98 பேரே. அவர்களிலும் கஞ்சா மட்டுமே காரணம் என்று கொள்ளத்தக்கவர்கள் 61 பேர்.

பொலிஸ் நாளேட்டைப் பார்த்துச் செய்தி எழுதிப் பழகிய என்போன்றவர்களுக்கு அந்தக் கட்டம் புதிதல்ல. 'போதையில் இருந்ததாகக் கூறப்படுகிறது' என்ற வசனம் எத்தனை செய்திகளில் யாரால் கூறப்பட்டது என்று குறிப்பிடப்படாமலே அச்சேறியிருக்கிறது!

அளவோடு பயன்படுத்துவதால் உடலுக்கோ மனத்துக்கோ குறிப்பிடத்தக்க தீங்கில்லை. மிதமிஞ்சிய பயன்பாடு தீங்கானது. முற்றாகத் தடைசெய்வது அவசியமுமல்ல, உசிதமுமல்ல. வரியாலும் அனுமதிப் பத்திரத்தாலும் கட்டுப்படுத்துவதே வழி என்று ஆணைக்குழு முடிவுரைத்தது. இந்திய உறுப்பினர் மூவரில் இருவர் இதனை முழுமையாக ஏற்காமல் தமது மாறுபட்ட கருத்தைத் தனியே எழுதிவைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தீர்வையால் வருமானம் பெறும் அரசாங்கம் நியமித்த குழு, தீர்வை தொடரலாம் என்று சொன்னதில் என்ன வியப்பு என்று கேட்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆனால் முடிவைச் சந்தேகிப்பவர்களும் அந்த 222 கோவைகளைத் திறந்து பார்த்த உழைப்பை மறுக்க முடியாது. அதற்குப் பின்னர் வந்த தடைச் சட்டங்கள் எவையும் அத்தகைய உழைப்பில் பிறந்தவை அல்ல.

ஜெனீவாவைப் பாருங்கள். 1924 நவம்பரில் சர்வதேச சங்கத்தின் அபின் மாநாடு கூடியபோது நிகழ்ச்சி நிரலின் மையம் அபினும் கொக்கெய்னும்தான். எகிப்தின் பிரதிநிதி எல் கிண்டி எழுந்து, தமது நாட்டின் மனநோயாளரில் நூற்றுக்கு 30 முதல் 60 வரையானோர் ஹஷிஷ் என்ற கஞ்சாப் பிசினால் பாதிக்கப்பட்டவர்கள் என்று உருக்கமாக உரையாற்றினார். 30 முதல் 60 என்பது எவ்வளவு விசாலமான கணக்கு! அந்தக் கோவைகளைத் திறந்து பார்க்க அங்கு எவரும் முன்வரவில்லை. 30 ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த இந்திய அறிக்கை அங்கே விவாதத்தைத் திருப்பவில்லை. வெளிநாட்டு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்த உடன்படலாம், உள்நாட்டில் சமயமும் வழக்கமும் சார்ந்த பயன்பாட்டைத் தடுப்பது கடினம் என்று இந்தியத் தரப்பு தயங்கியது, அவ்வளவே. 1925 பெப்ரவரியில் கையொப்பமான உடன்படிக்கைக்குள் கஞ்சாவும் வந்தது. ஆயினும் அதில் கஞ்சா என்பது பெண்செடியின் பூத்த, காய்த்த நுனிகளே என்று வரையறுத்திருந்தார்கள். தண்டையும் நாரையும் அவர்கள் தொடவில்லை.

இலங்கையில் 1867இலேயே அபினையும் பங்கியையும் பற்றிய ஒரு கட்டளைச் சட்டம் இருந்தது. அது விற்பனையைக் கட்டுப்படுத்துவதற்கானது. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டமே இன்றுவரை நமது போதைப்பொருள் சட்டத்தின் முதுகெலும்பு. திருத்தங்கள் பல வந்தன, அடித்தளம் அதுதான். ஜெனீவாவில் உடன்பட்ட ஏகாதிபத்தியம், தனது குடியேற்ற நாடுகளில் அதனை நிறைவேற்றியதன் விளைவு அது. இலங்கை மக்களிடம் ஆணைக்குழு எதுவும் சாட்சியம் பெறவில்லை. சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட மூலிகை ஒன்று அபாயகரமான ஔடதமாயிற்று.

அமெரிக்காவின் கதை இன்னும் விசித்திரமானது. அங்கு 1930இல் போதைப்பொருள் பணியகத்தின் தலைவராக வந்த ஹரி அன்ஸ்லிங்கர், கஞ்சா புகைத்தவன் கொலைகாரனாவான் என்ற பிரசாரத்தை முன்னின்று நடத்தினார். பத்திரிகைகள் அவருக்குக் கைகொடுத்தன. என் தொழிலுக்கு அதில் பெருமையில்லை. மெக்சிக்கோவிலிருந்து வந்த தொழிலாளர் மீதான வெறுப்பு அதற்கு எண்ணெய் ஊற்றியது. 1937இல் கஞ்சா வரிச் சட்டம் கொண்டுவரப்பட்டபோது, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் டொக்டர் வில்லியம் வூட்வார்ட் கொங்கிரஸ் குழுவின் முன் தோன்றி எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார். கைதிகளிடையே இந்தப் பழக்கம் பரவியிருப்பதாகச் சொல்கிறீர்களே, சிறைச்சாலைப் பணியகத்திலிருந்து ஏன் ஒருவரும் சாட்சி சொல்ல வரவில்லை? பாடசாலைப் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்கிறீர்களே, சிறுவர் பணியகத்தார் எங்கே? பதில் கிடைக்கவில்லை. ஒத்துழைக்க மறுக்கிறார் என்று கடிந்துகொண்டார்கள். சட்டம் நிறைவேறியது.

இவ்விடத்தில் இணையத்தில் உலவும் ஒரு கதையைத் தொட்டுச் செல்ல வேண்டும். காகிதக் காடுகள் வைத்திருந்த பத்திரிகை அதிபர் ஹேர்ஸ்ட்டும், நைலோன் கண்டுபிடித்த டூபொண்ட் கம்பனியும் சேர்ந்து, நார்க் கஞ்சாவின் போட்டியை ஒழிக்கவே இந்தச் சட்டத்தைச் செய்வித்தார்கள் என்பது அக்கதை. 1985இல் ஜக் ஹெரர் எழுதிய நூலால் உலகெங்கும் பரவியது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, சான்று மெலிந்தது. நான் மேலே நினைவில் வைக்கச் சொன்ன செய்தி இங்கே உதவும். 1937க்கு வெகு முன்பே மலிவான சாக்குச் சணலும் மணிலா நாரும் நார்க் கஞ்சாவைச் சந்தையிலிருந்து தள்ளிவிட்டிருந்தன. சாகக்கிடந்த போட்டியாளனைக் கொல்ல யாரும் சதி செய்ய வேண்டியதில்லை. சட்டம் செய்த கேடு வேறு விதமானது. நார் பயிரிடுபவனும் வரிப் பத்திரம், பதிவு, பொலிஸ் சோதனை என்று அலைய நேர்ந்தது. மீண்டெழக்கூடிய ஒரு பயிருக்கு மீளும் வழி அடைபட்டது.

அந்த வழியை ஜப்பானியர்கள் சிறிது காலம் திறந்துவிட்டார்கள். 1942இல் பிலிப்பைன்ஸ் அவர்கள் கையில் வீழ்ந்ததும் மணிலா நார் நின்றது. அமெரிக்கக் கடற்படைக்குக் கயிறில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன் அந்தச் செடியைக் கொலைகாரச் செடி என்ற அதே அரசாங்கம், 'வெற்றிக்காக நார்க் கஞ்சா' என்று ஒரு பிரசாரப் படமெடுத்து விவசாயிகளுக்குப் போட்டுக் காட்டியது. விதை கொடுத்தது, மத்திய மேற்கு மாநிலங்களில் 42 ஆலைகளைக் கட்டியது. போர் முடிந்ததும் ஆலைகளை மூடியது. விஸ்கொன்சினில் எஞ்சியிருந்த கடைசி வயல்களும் 1950களின் பிற்பகுதியோடு மறைந்தன.

பின்னர் வந்தது 1961ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் தனி உடன்படிக்கை. மருத்துவமல்லாத கஞ்சாப் பயன்பாட்டை 25 ஆண்டுகளுக்குள் ஒழிக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கெடுவை ஒட்டிப் பிறந்ததே. எல்லோரும் மேற்கோள் காட்டும் பகுதி அது. எவரும் மேற்கோள் காட்டாத பகுதி 28ஆம் உறுப்புரையின் 2ஆம் பந்தி. நாருக்காகவும் விதைக்காகவும் தோட்டக்கலைக்காகவும் மட்டும் பயிரிடப்படும் கஞ்சாச் செடிக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது என்று அது வெளிப்படையாகவே கூறுகிறது. சர்வதேசச் சட்டம் தடுக்கிறது என்று நமது அமைச்சர்கள் பல்லாண்டுகளாகச் சொன்ன காரணம், நாரைப் பொறுத்தமட்டில், அந்த உடன்படிக்கையின் எழுத்திலேயே இல்லை. இந்திய அதிகாரிகள் தமது 1985ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 14ஆம் பிரிவாக அதேபோன்ற ஒரு கதவை வைத்திருந்தார்கள். அக்கதவைத் திறந்து உத்தராகண்ட் மாநிலம் அனுமதி வழங்க 2018 ஆயிற்று. குமாவுனும் கர்வாலும், அந்தப் பழைய பங்கேலா நெய்த மலைகள், அந்த மாநிலத்துக்குள்தான் இருக்கின்றன. பிரான்ஸோ இந்தப் பயிரை ஒருபோதும் கைவிடவில்லை. சிகரெட் சுற்றும் மெல்லிய தாளுக்காக அதன் விவசாயிகள் நார்க் கஞ்சா பயிரிட்டுக்கொண்டே இருந்தார்கள். போதைப் புகையிலையைச் சுற்றும் தாளுக்குப் போதையில்லாக் கஞ்சா!

2020 டிசம்பர் 2ஆம் திகதி, ஐ.நா. போதைப்பொருள் ஆணைக்குழு, கஞ்சாவை மிகக் கடுமையான நான்காவது அட்டவணையிலிருந்து நீக்கியது. ஆதரவு 27, எதிர்ப்பு 25. இந்தியா ஆதரித்தது. கனடா 2018இலும் ஜேர்மனி 2024இலும் வளர்ந்தோரின் பயன்பாட்டையே சட்டபூர்வமாக்கின. நமக்குத் தடையைக் கற்றுத்தந்தவர்கள் இப்போது நமக்கு விதையும் விற்கிறார்கள், முதலீடும் கொண்டுவருகிறார்கள்.

இதனால் பொருளாதாரம் செழிக்கும், சூழல் தழைக்கும் என்ற பேச்சு இலங்கையிலும் எழுந்தது. 2017இல் அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன, ஆயுர்வேத மருந்துக்காக இங்கிரியவில் 100 ஏக்கரில் பயிரிடும் திட்டத்தை அறிவித்தார். அவர் சொன்ன காரணம் நியாயமானது. நீதிமன்றத்தில் வழக்குப் பொருளாகக் கிடந்த கஞ்சாதான் ஆயுர்வேத மருந்துக்குக் கிடைத்துவந்தது. வழக்கு முடிந்து கைக்கு வரும்போது நாலைந்து ஆண்டுகள் கழிந்து அதில் வீரியம் எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. திட்டம் பேச்சோடு நின்றது. நாடு வங்குரோத்தான 2022இல், நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் ஏற்றுமதிக் கஞ்சாவை ஆராய நிபுணர் குழு என்றார்கள். அதன் தொடர்ச்சிதான் மீரிகமவின் 64 ஏக்கர்.

நான் இதற்கு எதிரானவன் அல்லன். ஆனால் டொலர் மழை பொழியும் என்பவர்கள் அமெரிக்க விவசாயியைக் கேட்கட்டும். 2018 டிசம்பரில் அங்கு நார்க் கஞ்சா முழுமையாகச் சட்டபூர்வமாயிற்று. மறு ஆண்டே எல்லோரும் சி.பி.டி. எண்ணெய்க்காக விதைத்தார்கள், விலை சரிந்தது. அந்நாட்டு விவசாயத் திணைக்களத்தின் கணக்குப்படி 2021இல் 82 கோடி 40 இலட்சம் டொலராக இருந்த விளைச்சலின் பெறுமதி, 2022இல் 23 கோடி 80 இலட்சமாக வீழ்ந்தது. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. தெருவெல்லாம் கடை முளைத்தது. 2025 ஜூனில் வைத்தியரின் சீட்டின்றி விற்கக்கூடாது என்று திரும்பியது. போதைச் சந்தையையும் நார்ச் சந்தையையும் ஒரே கூடைக்குள் போட்டதன் பலன் அது.

சூழல் நன்மைகளும் அப்படியே; உண்மை உண்டு, மிகையும் உண்டு. நெருங்கி வளரும் நார்க் கஞ்சா களையை அமுக்கிவிடும். பருத்தியைப் போல் பூச்சிமருந்தை வேண்டுவதில்லை. நாருரித்த பின் எஞ்சும் தக்கையைச் சுண்ணாம்போடு கலந்து சுவர் எழுப்புகிறார்கள். வெப்பம் தாக்காத சுவர். ஆனால் நாரைப் பிரிக்கத் தண்டை அழுகவைக்க வேண்டும். குளத்தில் ஊறப்போட்டால் குளம் கெடும். கால்நடை நீரருந்தும் ஆற்றில் ஊறப்போடக்கூடாது என்று எட்டாம் ஹென்றியின் காலத்திலேயே சட்டம் போட வேண்டி வந்தது. தென்னை மட்டை ஊறப்போட்ட குழியருகே நின்றவர்களுக்கு நான் அந்த நாற்றத்தை விளக்கத் தேவையில்லை. அதுவுமின்றி, தென்னந்தும்பு ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு இது. கயிற்றுக்கு நமக்கு வேறு செடி தேவையில்லை. துணிக்கும் காகிதத்துக்கும் விதை எண்ணெய்க்கும் தேவையென்றால் அதைக் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எவரும் பேசாத இன்னொரு சிக்கல் உண்டு. அது சூரியன். கஞ்சாச் செடி பகல் குறுகும்போது பூக்கும். ஐரோப்பிய நார் இனங்கள் கோடையின் 16 மணி நேரப் பகலில் ஆளுயரம் தாண்டி வளர்ந்து, பின்னர் பூப்பவை. ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமாக இருக்கும் நமது மண்ணில் அந்த விதையைப் போட்டால், முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும். தண்டு ஏது, நார் ஏது? ரொக்ஸ்பேர்க்கின் காலத்து வங்காளச் சமவெளியில் நார் கிடைக்காமல் போனதிலும் இதற்குப் பங்கிருக்கலாம். வெப்ப வலயத்துக்கான விதையைத் தேர்ந்து பெருக்காமல், ஏட்டில் ஏக்கர்க் கணக்கு எழுதுவதால் பயனில்லை.

இதற்கிடையில் சிறைச்சாலைகளைப் பாருங்கள். தண்டனை பெற்று உள்ளே வருவோரில் பெரும்பகுதியினர் போதைப்பொருள் வழக்குகளில் வருகிறவர்கள். சில கிராம் கஞ்சாவோடு பிடிபட்ட கூலித் தொழிலாளி, தண்டப்பணம் கட்ட வழியின்றி உள்ளே போய், அங்கே ஹெரோயின்காரனுக்கு அருகில் படுத்துறங்கித் திரும்பி வருகிறான். மொனராகலையிலும் தணமல்விலவிலும் காட்டுக்குள் சேனை வெட்டிக் கஞ்சா நட்டவர்களின் தோட்டங்களை விசேட அதிரடிப் படையினர் இன்றும் தீயிடுகிறார்கள். அந்தச் சேனைக்காரர்களுக்கு மீரிகமவில் இடமில்லை. குறைந்தபட்ச முதலீடே 50 இலட்சம் டொலர் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். ஜவ்வாது மலைக் குடியானவன் அனுமதிப் பத்திரத்தோடு பயிரிட்டுத் தீர்வை கட்டிய 1890களின் ஏற்பாட்டில்கூட, பயிரிடுபவன் உள்ளூர்க்காரனாக இருந்தான்.

யுத்தத்துக்குப் பின்னர் நமது இளைஞர்களைச் சூழ்ந்திருக்கும் போதையைக் கண்டு வடக்கின் பெற்றோர் அஞ்சுவதை நான் அறிவேன். வளரும் பருவத்து மூளைக்குக் கஞ்சா தீங்கு செய்கிறது என்பதையும், சிலருக்குச் சிந்தைப் பிறழ்வைத் தூண்டுகிறது என்பதையும் இன்றைய மருத்துவ ஆய்வுகள் 1894இன் ஆணைக்குழுவினரைவிடத் தெளிவாகவே காட்டியிருக்கின்றன. இன்றைய கஞ்சாவின் வீரியமும் அன்றைய கஞ்சாவினதைவிட மிக அதிகம். பிள்ளைகளுக்கு விற்பவன் மீது சட்டம் பாயட்டும். ஆனால் அந்த அச்சத்தைக் காட்டி நார்ச் செடியையும் வைத்தியரின் மூலிகையையும் சேர்த்துப் பூட்டுவதற்கு 1929இன் சட்டத்தை எழுதியவர்களிடமும் காரணம் இருக்கவில்லை, இன்று அதை நடத்துபவர்களிடமும் இல்லை.

நுவரெலியாவில் ஒன்று, வன்னியில் ஒன்று, அம்பாந்தோட்டையில் ஒன்று என மூன்று விவசாய ஆராய்ச்சிப் பண்ணைகளில், ரி.எச்.சி. என்ற போதைச் சத்து நூற்றுக்கு 0.3க்குக் குறைந்த வெப்ப வலய விதைகளைப் போட்டு, எத்தனையாம் நாளில் பூக்கிறது, தண்டு எத்தனை அடி உயர்கிறது, ஏக்கருக்கு எவ்வளவு நார் தேறுகிறது என்று இரண்டு போகம் அளந்து பார்த்தால் போதும். அதற்கு வெளிநாட்டு முதலீட்டாளர் தேவையில்லை. ஒவ்வொரு பண்ணையிலும் அரை ஏக்கர் தேவை, அமைச்சர் ஒருவரின் ஒப்பம் தேவை.